எட்டாவது பெட்டியின் எடை

ஐந்து நாளைக்கு நாலு கிலோ அறுநூறு எப்படி வரும் என்று வெயிலுமுத்து தராசுத் தட்டை விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடியும் பார்த்தார், சிவப்பு எண் கொஞ்சம் துடித்து அதே இடத்தில் வந்து நின்றது, தராசில் கோளாறு இல்லை, நேற்றுச் சாயங்காலம் மண்டியிலிருந்து அவரே ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்த தராசு, முத்திரை வைத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, அது பொய் சொல்லாது, பொய் சொல்ல வேண்டுமானால் இந்தக் காகிதம்தான் சொல்ல வேண்டும், காகிதம் ஜோதியின் கையெழுத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, மண்டி கிடையாது, இரண்டு மணி வெயில் ஜன்னல் கம்பியைக் காய்ச்சிக்கொண்டிருந்தது, காற்றுப் பட்டால் தராசு ஆடும் என்று மின்விசிறியை நிறுத்தச் சொல்லியிருந்தார், பனியன் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. கூடத்தில் செய்தித்தாள் விரித்து அதன் மேல் எட்டு அட்டைப்பெட்டிகள், எட்டுப் பெட்டிக்கும் எட்டு ஊர், எட்டும் அவர் வாயில் நுழையாத வடக்கத்தி மலையூர்கள், ஒவ்வொன்றின் மேலும் அந்தந்த ஊர்ப் போஸ்ட்மாஸ்டருக்கு, ஆள் வந்து வாங்கும்வரை வைத்திருக்கவும் என்று அவளே எழுதி ஒட்டியிருந்தாள். நாளைக் காலையில் எட்டையும் தபாலில் போட்டாக வேண்டும். செவ்வாய்க்கிழமை அவள் ரயில் ஏறுகிறாள். மகள், ஒரே மகள், நாகஜோதி, முப்பத்திரண்டு வயது, மெட்ரிக் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், கோடை விடுமுறையில் இமயமலை அடிவாரத்தில் ஐம்பத்தெட்டு நாள் நடக்கப் போகிறாள், வழியில் ஊருக்கு ஒரு பெட்டியாகச் சாப்பாட்டுச் சாமானை எடுத்துக்கொள்வாள். கோயிலுக்கா என்றால் இல்லை, வேண்டுதலா என்றால் இல்லை, கூட யார் என்றால் யாருமில்லை. இவ்வளவும் அவர் மனைவி சொர்ணத்தின் மூலமாகத் தெரிந்துகொண்டது. எதற்கு நடக்கிறாய் என்று நேரே கேட்கிற தைரியம் அவருக்கு நாலு வருஷமாக இல்லை, ஊரே அவர் வாய்க்குப் பயப்படும், அந்த வாய் வீட்டுக்குள் வந்ததும் செருப்போடு சேர்ந்து வாசலிலேயே கிடந்துவிடும்.

அவள் சண்டை போட்டால்கூடத் தேவலை. சண்டை என்றால் அவருக்குத் தெரியும், பதினாலு வயசில் மிளகாய் வத்தல் மூட்டை தூக்கத் தொடங்கி, தும்மித் தும்மி மூக்கில் ரத்தம் வந்து, அடிவாங்கி அடிகொடுத்து, அதே மண்டித் தெருவில் சொந்தப் பெயரில் போர்டு மாட்டியவர், சண்டையில் எந்த இடத்தில் விட்டுப் பிடிக்க வேண்டும் என்பது கைவந்த வித்தை. ஜோதி சண்டை போடுவதில்லை. சாப்பாடு எடுத்து வச்சிருக்கு என்பாள். கரண்டு பில் கட்டியாச்சு என்பாள். கடைக்கு முதல் தடவையாக வந்த ஆளிடம் பேசுகிற மரியாதை, ஒரு சொல் கூடாமல் குறையாமல். இந்தச் சாமான் பட்டியலும் அவர் கைக்கு வந்திருக்க வேண்டியதில்லை. சொர்ணத்தின் கையில் பார்த்து வெடுக்கென்று பிடுங்கி, பருப்பு மண்டிக்காரன் வீட்டுப் பிள்ளை பாக்கெட் போட்டதை அடுத்தவன் கடையில் வாங்குதா, ஊர் என்னைக் காறித் துப்பாதா என்று கத்தினார். உள்ளறையில் ஜோதி இருந்தாள், கேட்டிருப்பாள், கொஞ்ச நேரம் கழித்துச் சொர்ணம் வந்து, செஞ்சா செய்யட்டும்கிறா, ஆனா எழுதின அளவுதான், ஒரு கிராம் கூடக்கூடாதாம், அத்தனையும் முதுகுல சுமக்கணுமாம் என்றாள். கூடக்கூடாதாம். படியில் கோபுரம் கட்டி, கொசுறு போட்டு, கொசுறுக்கு மேல் ஒரு பிடி அள்ளிப் போட்டுப் பழகிய கைக்கு அது எப்படிப்பட்ட வசவு என்று கணக்கு டீச்சருக்குத் தெரியுமா. தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

நேற்றிலிருந்து அளந்துகொண்டிருக்கிறார். நாளொன்றுக்கு அறுநூறு கிராம், அதுதான் அவள் கணக்கு, அவல், சத்துமாவு, வறுத்த வேர்க்கடலை, கருப்பட்டித் தூள், உலர்ந்த திராட்சை, புளியோதரைப் பொடி, பருப்புப் பொடி, எல்லாம் சேர்த்து. பருப்பு மட்டும் முழுசாகக் கிடையாது, வறுத்துத் திரித்த பொடிதான். உயரத்தில் பருப்பு வேகாதாம். முப்பத்தைந்து வருஷம் துவரம்பருப்பு விற்றவனிடம் போய், நீ விற்கிற சாமான் வேகாத ஊர் ஒன்று இருக்கிறது என்று சொன்னால் எப்படி இருக்கும், கேட்ட அன்றைக்கு, அது எந்த ஊர் பருப்பு, நம்ம பருப்பைக் கொண்டுபோய் வேகவைக்கச் சொல் என்று குதித்தார், காத்து கம்மி, தண்ணி சூடேறாதாம், பருப்பு மேல குத்தமில்லையாம் என்று சொர்ணம் சொன்னாள், பருப்பின் மேல் குற்றமில்லை என்று கேட்ட பிறகுதான் உட்கார்ந்தார். முதல் பெட்டி எட்டு நாள், நாலு கிலோ எண்ணூறு, சரி. இரண்டாவது ஏழு நாள், நாலு இருநூறு, சரி. மூன்றாவது ஒன்பது நாள், ஐந்து நானூறு. ஏழு பெட்டி வரைக்கும் தராசும் காகிதமும் அண்ணன் தம்பி மாதிரி ஒத்துப்போயின. எட்டாவது ஐந்து நாள். மூன்று கிலோதான் வர வேண்டும். எழுதியிருக்கிறதை எழுதியபடி அளந்து போட்டால் நாலு கிலோ அறுநூறு. ஒன்று அறுநூறு கூடுதல்.

“ஏய் சொர்ணம்.”

“இங்கதான் இருக்கேன், கத்தாதீங்க.” அவள் அடுக்களை வாசலில் உட்கார்ந்து பாக்கெட்டுகளின் வாயை மெழுகுவர்த்திச் சுடரில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“ஒன் மகளுக்குக் கணக்கு வருமா வராதா?”

“அவகிட்டப் படிச்ச பிள்ளைக எத்தனையோ நூத்துக்கு நூறு வாங்குது.”

“அப்ப இது என்ன? அஞ்சு நாளைக்கு யாரு நாலரைக் கிலோ திம்பா? மலையைப் பேத்து அதையும் சேர்த்துத் திம்பாளோ?”

“பசிக்கும்ல. கடைசியில ஆளு ஓஞ்சு போயிருப்பா, கூடக் கொஞ்சம் எழுதியிருப்பா.”

“ஒரு கிராம் கூடக்கூடாதுன்னு ஒங்கிட்டச் சொன்னவ யாரு?”

“எங்கிட்ட என்ன மல்லுக்கு நிக்கிறீங்க. நாலு மணிக்கு வருவா, கேளுங்க. வாயி இருக்குல்ல.” பையின் தோள்பட்டையைக் கனமாகத் தைத்து வாங்க டெய்லர் கடைக்குப் போயிருந்தாள் ஜோதி. கேளுங்களாம். மெழுகு வாசனையும் நெகிழி கருகுகிற வாசனையும் கலந்து கூடத்துக்கு வந்தது.

அவள் தப்பாக எழுதுகிறவள் இல்லை. பால்காரன் கணக்கில் கால் லிட்டர் இடித்தால் மாசக் கடைசியில் காலண்டரைக் கழற்றிக்கொண்டுவந்து நீட்டுகிறவள். அப்படியானால் தெரிந்தே எழுதியிருக்கிறாள். தெரிந்தே எழுதியிருந்தால் கடைசி ஐந்து நாளைக்கு அந்த இடத்தில் இன்னொரு வாய் இருக்கிறது. இன்னொரு வாய் என்றதும் அவருக்குக் காதுமடல் சுட்டது, யார் அவன், பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கிறவனா, இந்த நடை நடக்கச் சொல்லிக்கொடுத்த ஃபோன் சினேகிதமா, தனியாகப் போகிறேன் தனியாகப் போகிறேன் என்று தாயிடம் சொல்லிவிட்டு எட்டாவது ஊரில் ஒருத்தன் காத்திருக்கிறானா, அவன் தின்பதற்கு நான் இங்கே பனியன் நனைய அளந்து போட வேண்டுமா. எழுந்து நின்றுவிட்டார். நின்ற பிறகு எங்கே போவது என்று தெரியவில்லை. இருந்தால்தான் என்ன என்று இன்னொரு எண்ணம் அடியிலிருந்து மெள்ள வந்தது, இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், முப்பத்திரண்டு வயசு, எவனாவது ஒருத்தன் அவள் முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும், அதைக் கேட்க யோக்கியதை இல்லாத ஆள் இங்கே எழுந்து நின்று என்ன செய்ய. மறுபடியும் உட்கார்ந்தார், முட்டி சொடுக்கியது. வேறொன்றும் இருக்கலாம். இன்னொரு வாய் இல்லாமலும் இருக்கலாம். திரும்பி வருகிறதாக இருக்கிற ஆள் வருகிற நாள்வரைக்கும்தான் சாமான் கட்டும். வராத ஆள்தான் கூடக் கட்டும். அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது பக்கத்துத் தெருவில் ஒருத்தர், நல்ல மனுஷன், ஒருநாள் வீட்டுக்கு மூன்று மாசத்துக்கு வேண்டிய அரிசி பருப்பு எல்லாம் வாங்கிப் போட்டார், எதுக்குங்க இம்புட்டு என்று வீட்டுக்காரி சிரித்தாளாம், அதற்கு மறுநாள் கிணற்றில் கிடந்தார். அதை ஏன் இப்போது நினைக்க வேண்டும். ரயிலுக்குத் திரும்பி வருகிற டிக்கெட் போட்டாளா? சொர்ணத்திடம் கேட்கலாம், கேட்டால் ஏன் கேட்கிறீர்கள் என்பாள், அதற்குப் பதில் சொல்ல வேண்டும், சொன்னால் அவள் அழுவாள். எட்டு ஊரையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். கடைசி ஊரின் பெயர் பன்சோலி. அங்கே ஆறு இருக்கிறது என்று ஜோதி எப்போதோ தாயிடம் சொன்னது காதில் விழுந்திருக்கிறது. ஆறு.

ஃபோன் அடித்தது. தரகர் கோட்டைச்சாமி. எடுத்தார், எடுத்ததும் குரல் தானாக மண்டிக் குரலாகிவிட்டது.

“அண்ணாச்சி, அந்த உளுந்து லோடு. நீங்க சொன்ன விலைக்குப் பார்ட்டி இறங்க மாட்டேங்கிறாங்க.”

“இறங்கலைன்னா ஏறச் சொல்லு. எங்கிட்ட எதுக்குச் சொல்றே?”

“கொஞ்சம் நீங்களும் பாத்து...”

“பாத்துட்டேன்யா. பாதி பூச்சி. நான் கேட்ட விலையே உன் மூஞ்சிக்காகக் கேட்டது.”

“அண்ணாச்சி, அப்படிச் சொல்லக்கூடாது. நல்ல சரக்கு.”

“நல்ல சரக்குன்னா நீங்களே வச்சுக்கிடுங்க. ஆட்டி வடை சுட்டு நல்லாத் தின்னுங்க. வையிய்யா ஃபோனை.”

அணைத்துவிட்டுத் தொடையில் கவிழ்த்து வைத்தார். இனி எண்ண வேண்டியதுதான். முப்பது எண்ணுவதற்குள் வரும், சில பேர் அறுபது, நூறு தாண்டி வந்ததாகச் சரித்திரமில்லை. அவர் கற்ற வித்தை மொத்தமே இவ்வளவுதான், எழுந்து போவது, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வேண்டாம் நீயே வைத்துக்கொள் என்று முதுகைக் காட்டி நடப்பது, முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறவரைக்கும் மனுஷன் இறங்க மாட்டான், முதுகைப் பார்த்தால் பதறிப்போவான், நாலாவது அடியில் அண்ணாச்சி என்பான், ஏழாவது அடியில் கையைப் பிடிப்பான். நாற்பத்தொன்று எண்ணும்போது ஃபோன் அடித்தது. “சரி அண்ணாச்சி, உங்க இஷ்டம், நாளைக்கு லோடு இறக்கிர்றேன்” என்றான் கோட்டைச்சாமி. ம் என்று வைத்தார். ஜெயித்த ருசி நாக்கில் வரவில்லை. நீங்களே வச்சுக்கிடுங்க. அந்தச் சொல் இப்போதுதான் தன் வாயிலிருந்து வந்தது என்று அவருக்கு உறைத்தது, நாலு வருஷத்துக்கு முன்னால் சொன்ன அதே சொல், ஒரு எழுத்து மாறவில்லை.

மதுரையில் சம்பந்தி வீட்டு மாடி. நாலு வருஷம், இந்தச் சித்திரையோடு நாலு வருஷம். ஜோதிக்கும் அவள் புருஷன் திவாகருக்கும் ஒத்துவரவில்லை, அடிதடி கிடையாது, குடி கிடையாது, வெறுமனே ஒத்துவரவில்லை, பிரிந்துவிடுவது என்று இரண்டு பேருமே சொல்லிவிட்டார்கள், பேசி முடிக்கத்தான் பெரியவர்கள் உட்கார்ந்தது. நகை, பாத்திரம், கட்டில் பீரோ எல்லாம் காலையிலேயே முடிந்துவிட்டது, அவர் கேட்டது கேட்டபடி முடித்திருந்தார், அந்தத் தெம்பு உடம்பெல்லாம் ஏறி இருந்தது. பிறகு பிள்ளை. இனியா. மூன்று வயசு. பிள்ளை தாயிடம் இருக்கட்டும், மாசத்துக்கு ஒரு வாரம் இங்கே அனுப்புங்கள் என்றாள் சம்பந்தியம்மா. ஒரு வாரம் என்று அவள் சொன்ன தோரணை. அதற்கு இரண்டு நாள் என்று சொல்லியிருக்கலாம், மூன்று நாளில் முடிந்திருக்கும், ஒரு வாரத்துக்கே சரி என்று சொல்லியிருந்தாலும் வானம் இடிந்து விழுந்திருக்காது. அவருக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. அப்ப நீங்களே வச்சுக்கிடுங்க, வளத்துப் பாருங்க, ஒரு வாரத்துல தூக்கிட்டு வந்து வாசல்ல நிப்பீங்க என்று சொல்லி எழுந்து துண்டை உதறினார். மாடிப்படி பன்னிரண்டு. படி வரைக்கும் நாலடி. யாரும் அண்ணாச்சி என்கவில்லை. படியில் மெள்ள இறங்கினார். கீழே செருப்பை வலது காலில் மாட்டினார், வார் சரியாக இல்லாததுபோலக் குனிந்து சரிசெய்தார், இடது காலில் மாட்டினார். மேலே பேச்சுச் சத்தமே இல்லை. பிறகு சம்பந்தியம்மாவின் குரல், உள்ளே யாரிடமோ, அவங்களே சொல்லிட்டாங்க என்றது. அவ்வளவுதான். மாடியில் பக்கத்து அறையில் ஜோதி பிள்ளையை மடியில் போட்டுத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள், கதவு சாத்தவில்லை, எல்லாம் கேட்டிருக்கும். திரும்பி ஏறியிருக்கலாம். பன்னிரண்டு படி. சொன்னது தப்பு என்று ஒரு சொல். ஏறவில்லை, ஏறினால் அதுவரை பேசி வாங்கியதெல்லாம் சரிந்துவிடும் என்று தோன்றியது, கட்டிலும் பீரோவும் சரிந்துவிடும் என்று. இரண்டே மாசம், அவங்களே ஓடி வருவாங்க, நான் சொல்றேன்ல, கையெழுத்தைப் போடு என்று வக்கீல் ஆபீசில் ஜோதியிடம் பேனாவைக் கொடுத்தார். அப்போது அவள் தூங்கி எத்தனையோ நாளாகியிருந்தது, எது சொன்னாலும் தலையை ஆட்டுகிற நிலைமை. போட்டாள். இரண்டு மாசத்தில் திவாகருக்கு டேராடூன் மாற்றலாகி, தாய், பிள்ளை, சாமான் செட்டோடு போய்விட்டான். அந்தக் கட்டிலில் இந்த வீட்டில் இன்றுவரை யாரும் படுத்ததில்லை.

பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார், பிளாஸ்டிக் கசந்தது. ஒன்று அறுநூறு. ஒன்று அறுநூறை ஐந்தால் வகுத்தால். வாய் தானாக வகுத்தது, எத்தனை சோகத்திலும் வகுத்துவிடும் வாய் அது. முந்நூற்றிருபது. நாளொன்றுக்கு முந்நூற்றிருபது கிராம். ஆம்பிளை தின்கிற அளவில்லை, மலையில் நடக்கிறவன் முந்நூற்றிருபதைத் தின்றுவிட்டு எழுந்து நிற்க மாட்டான். நோயாளியா, கிழவியா. சாவை நினைத்துப் போகிறவள் சாப்பாட்டை முந்நூற்றிருபது என்று பிரித்து எழுத மாட்டாள் என்று ஒரு பெருமூச்சு வந்தது, வந்த பெருமூச்சு பாதியில் நின்றது. காகிதத்தை மறுபடி எடுத்தார். எட்டாம் எண்ணின் கீழ் பருப்புப் பொடி இரண்டு வரியாக இருந்தது. நேற்றே பார்த்தார், பார்த்தும் ஓடவில்லை. ஒன்று, பருப்புப் பொடி. அடுத்த வரி, பருப்புப் பொடி, மிளகாய் போடாமல். அதற்குக் கீழே பால் பவுடர், மற்ற ஏழு பெட்டியிலும் அது இல்லை. ஜோதி மிளகாய் இல்லாமல் சோறு தொட மாட்டாள், ஏழு வயசிலேயே வத்தல் கடித்துச் சாப்பிட்டவள், மண்டிக்காரன் மகள். கண் அந்த இரண்டு சொல்லைத் தாண்டிப் போக மறுத்தது. மிளகாய் போடாமல். மிளகாய் போடாமல். பன்சோலிக்குப் பக்கத்தில் என்ன ஊர்?  டேராடூனும் அந்த மாநிலத்தில்தான், பிள்ளை இருக்கிற ஊர்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகப் போகிறாள். ஐம்பத்துமூன்று நாள் மலையில் நடந்து காலை உறுதியாக்கிக்கொண்டு, இறங்கிப் போய்ப் பள்ளிக்கூட வாசலில் நின்று, பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டு மறுபடி மலைக்குள் போய்விடப் போகிறாள், ஐந்து நாள் சாப்பாடு கையில் இருந்தால் கடை பக்கம் போக வேண்டாம், ஆள் கண்ணில் பட வேண்டாம். போலீஸ் வரும். காகிதத்தில் கையெழுத்து இருக்கிறது, அவளுடையது, அவர் போடச் சொன்னது. பிள்ளைக்கு அவள் முகம் ஞாபகம் இருக்குமா, அழுமே, புதுசாக வந்த பொம்பளை கையைப் பிடித்து இழுத்தால் அழுமே, அந்த அழுகையை ஊர் கூடிப் பார்க்குமே, இந்தி தெரியாமல் இவள் நடுவில் நின்றுகொண்டு. பாக்கெட்டை எடுத்து வெளியே வைத்தார். பால் பவுடரை வெளியே வைத்தார், மிளகாய் போடாததை வெளியே வைத்தார். தராசு மூன்று கிலோ காட்டியது. சரி. இதுதான் சரி, இப்படியே ஒட்டி அனுப்பிவிட்டால் சாப்பாடு இல்லாமல் அவள் ஊருக்குள் வந்தாக வேண்டும், அங்கே நாலு பேர் இருப்பார்கள், புத்தி சொல்வார்கள். ஒரு பேத்தியின் ஐந்து நாள் சாப்பாடு செய்தித்தாளின் மேல் கிடந்தது, ஒரு கை அகலம்தான் இருந்தது. மறுபடியும் எடுத்து உள்ளே வைத்தார். நாலு அறுநூறு. எடுத்தார். மூன்று. வைத்தார். வியர்வை தட்டில் சொட்டி எண் ஒரு கிராம் கூடியது.

வாசல் கேட் கிறீச்சிட்டது. ஜோதி உள்ளே வந்து பையைக் கதவோரம் சாய்த்தாள், மின்விசிறி ஓடாததைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், செய்தித்தாளின் மேல் தனியாகக் கிடந்த பாக்கெட்டுகளைப் பார்த்தாள். அவர் கை அப்போது எடுக்கிற பக்கம் இருந்தது.

“ஒட்டியாச்சா?” என்றாள்.

“ஏழு ஒட்டியாச்சு.” கேட்க வேண்டும் என்று நினைத்துத் திறந்த வாயில் கோபம்தான் முதலில் வந்து நின்றது. “போலீஸு கேசுன்னு வந்தா நான் வடக்க வந்து நிக்க முடியாது, சொல்லிட்டேன். வயசாச்சு. ஒங்கம்மாவால முடியாது.”

“எதுக்குப் போலீசு?”

“முந்நூத்தி இருபது கிராம் யாருக்கு?”

சொர்ணம் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள். ஜோதி செருப்பைக் கழற்றி, ஓரமாகத் தள்ளிவிட்டு, பெட்டிக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தாள்.

“கண்டுபிடிச்சிருவீங்கன்னு தெரியும்” என்றாள். “இனியாவுக்குத்தான். அவங்கப்பா கொண்டுவந்து பன்சோலியில விடுவாரு. அஞ்சு நாள். அங்க மலை கிடையாது, ஆத்தோரமா வண்டிப்பாதை, ஒரு நாளைக்கு நாலு கிலோமீட்டர் நடந்தாப் போதும். ராத்திரி ஊருக்குள்ள வீடுகள்ல தங்கல். ஆறாவது நாள் அவரே வந்து கூட்டிட்டுப் போயிருவாரு.”

“அவனா வந்து விடுவான்?”

“ஆமா.”

“எப்படிச் சம்மதிச்சாங்க? அந்தம்மாவா? அந்தம்மா எப்படி? யாரை வச்சுப் பேசினே, வக்கீலா? என்ன கேட்டாங்க?”

“யாரையும் வச்சுப் பேசலை. ஃபோன் போட்டுக் கேட்டேன்.”

“என்னன்னு?”

“அஞ்சு நாள் பிள்ளையை என்கூட அனுப்புங்கன்னு.”

“அதுக்கு?”

“சரின்னாங்க.”

அவர் சிரிக்கப் பார்த்தார், முகம் சிரிப்புக்கு வரவில்லை. சரின்னாங்களாம். நாலு வருஷம். நாலு வருஷமாக வக்கீலிடம் போகலாமா, சொந்தக்காரனை அனுப்பலாமா, திவாகர் ஆபீசில் யாரையாவது பிடிக்கலாமா என்று படுத்துக்கொண்டு அவர் போடாத கணக்கு இல்லை, எந்தக் கணக்கிலும் முதலில் அவர்கள் இறங்கி வர வேண்டும் என்றுதான் தொடங்குவார், அவர்கள் அதே மாடியில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். “சும்மாவா?” என்றார். “சும்மா யாரு குடுப்பா?”

“சும்மா இல்ல.” ஜோதி கீழே குனிந்து, தனியாகக் கிடந்த பால் பவுடரை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். “ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. தாத்தாகிட்ட ஃபோன் போட்டுக் குடுக்கக்கூடாது. உங்க பேச்சையே எடுக்கக்கூடாது. அத்தை கேட்டாங்க.”

“நீ என்ன சொன்னே?”

“சரின்னேன்.”

“ஒரு வார்த்தை எதுத்துப் பேசலையா?”

“இல்ல.”

“ஏண்டி, பெத்த தகப்பனையா...” என்று சொர்ணம் தொடங்கினாள். “நீ சும்மா இரு” என்றார் வெயிலுமுத்து. அவர் குரல் அவருக்கே வேறு ஆள் குரல் மாதிரி இருந்தது, உயரவில்லை, எங்கோ அடியில் கிடந்தது. பேரம் சுத்தமாக முடிந்திருந்தது, எதிர்ப்பக்கம் என்ன வேண்டும் என்று கேட்டு, அதைக் கொடுத்து, தனக்கு வேண்டியதை வாங்கியிருக்கிறாள், எழுந்து போகவில்லை, துண்டை உதறவில்லை.  நாளைக்கே ஃபோன் போட்டு அந்தம்மாவைப் பிடிபிடியென்று பிடித்தால் என்ன என்று ஒரு கணம் வாய் துறுதுறுத்தது, அப்புறம் பெட்டிக்குள் இருந்த பாக்கெட்டுகளைப் பார்த்தார். அவர் பெயர் எங்கும் இல்லாத ஐந்து நாள். ஆறும் வண்டிப்பாதையும். தண்ணீரில் கால் வைக்கும், கல் பொறுக்கும், இவள் மூக்கைத் துடைத்துவிடுவாள்.

“வேற என்ன வைக்கணும் அதுக்கு?” என்றார். “கடலை மிட்டாய் வைக்கட்டுமா? எடை பாத்துத்தான் வைப்பேன். நூறு கிராம்.”

ஜோதி அவரை நிமிர்ந்து பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தார். “வைங்க” என்றாள்.

சொர்ணம் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். பொன்னிறமாகப் பாகு முறுகிய கட்டிகள், ஒன்றை எடுத்துக் கையில் அழுத்திப் பார்த்தார், கல் மாதிரி இருந்தது, நல்ல பதம், கடித்தால் டக்கென்று முறிய வேண்டும். தட்டில் வைக்கப் போனவர் நிறுத்தினார்.

“அதுக்கு ஏழு வயசாகுதுல்ல.”

“ஆமா.”

“முன்பல்லு விழுந்திருக்குமே? விழுந்திருச்சா?”

ஜோதி வாயைத் திறந்தாள். ஏதோ சொல்லப் போனவள், கணக்குப் போடுகிறவள் போல எங்கோ பார்த்தாள், கண் சுவரில் ஒரு இடத்தில் நின்று, அங்கிருந்து நகரவில்லை. 

“தெரியலப்பா” என்றாள்.

அவர் கட்டிகளை டப்பாவிலிருந்து எடுத்தார். அடுக்களைக்குப் போய் இடியுரலைத் தூக்கி வந்து கூடத்தின் நடுவில் வைத்து, காலை அகட்டி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் போட்டு இடிக்கத் தொடங்கினார், பல் இருந்தாலும் தின்னலாம், இல்லாவிட்டாலும் தின்னலாம், மாவு மாதிரி, மண் மாதிரி ஆகும்வரை இடித்தார், ஜோதி எழுந்து போகாமல் எதிரே உட்கார்ந்து, வெளியே சிதறியதை விரல்நுனியால் ஒற்றி ஒற்றி உரலுக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.